சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் ஆமென்

பியானோக்காரரின் மகளிடம் பள்ளிக்கூடத்தில் ஒருநாள், "உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "மத்தவங்க சாப்பிடும்போது எங்கப்பா வாசிப்பார்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது அம்மாவும் சிரித்தாள், அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் வேலையை இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது என்று அவருக்கே பட்டது.

ஜாஸ் வாசிக்கிறவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க இன்னும் யாரும் பிறக்கவில்லை. ஹோட்டலில் மதிய விருந்து, யாரோ ஒருவருடைய கல்யாண வரவேற்பு, புதுக் காரை மேடையில் ஏற்றித் துணியை விலக்கும்போது பின்னாலிருந்து கொஞ்சம் ஆரவாரம், பாடகி யாருக்காவது தொண்டை சரியானால் ஒரு கச்சேரி. இப்படித்தான் அவர் பிழைப்பு ஓடியது. ஒரு வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. அடுத்த வாரம் போன் ஊமையாகிவிடும். ஊமையான போனை எடுத்து எடுத்து, சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பது தனி வேலை. அதற்கும் சம்பளம் கிடையாது.

இதில் அவருக்கு மனக்குறை இல்லையா என்றால், இருந்தது. பொய் சொல்வானேன்? ஆனால் குறையைவிட நன்றி எப்போதும் ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது. அது அவர் சுபாவம். எந்த ஊர், எந்தக் கூடம் என்றில்லை, பியானோ முன்னால் உட்கார்ந்ததும் மூடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடுவார். "ஆண்டவரே, இந்தப் பெட்டிக்கு ஸ்தோத்திரம். இதுல எந்தக் கட்டை செத்துப் போயிருக்குன்னு எனக்குச் சீக்கிரமா காட்டிடும்." அவ்வளவுதான் ஜெபம். ஆண்டவரும் பெரும்பாலும் முதல் பாட்டிலேயே காட்டிவிடுவார். எப்படியும் ஒரு கட்டை செத்துத்தான் கிடக்கும். அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவதிலேயே புதிதாக ஏதாவது ஒன்று பிறக்கும். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்.

பக்கத்தில் ஆள் உயர வயலின் மாதிரியான டபுள் பாஸைத் தாங்கிக்கொண்டு நிற்கும் கூட்டாளிக்கு இதெல்லாம் வேடிக்கை. கழுத்து நீளம், பட்டினியும் தாங்குவான் என்பதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனுக்குக் கடவுள் பக்கமெல்லாம் போக்குவரத்து கிடையாது. "உங்க ஆண்டவர்கிட்ட நல்ல பியானோவா குடுக்கச் சொல்லிக் கேளுங்களேன், ஏன் செத்த கட்டையைக் காட்டச் சொல்லிக் கேக்கறீங்க?" என்பான். "இருக்கிறதை முதல்ல வாசிப்போம்டா" என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சபைக்குச் சொந்தம். ஊரே வந்து கூப்பிட்டாலும் அந்த ஒரு வேளையை அவர் விற்றதில்லை. சபையில் சிலருக்கு இவரைப் பற்றி முணுமுணுப்பு இருந்தது. மது ஊற்றுகிற இடத்தில் சனிக்கிழமை வாசித்த கை, மறுநாள் காலையில் கர்த்தருடைய சந்நிதியில் வாசிக்கலாமா என்று ஒருவர் பாஸ்டரிடமே போய்க் கேட்டுவிட்டார். "அவர்கிட்ட ஒரு ஜோடி கைதானேங்க இருக்கு? நமக்கு ஒரு ஜோடி, அவங்களுக்கு ஒரு ஜோடின்னா பாவம் எங்க போவார்?" என்று பாஸ்டர் கேட்டதோடு அந்தப் பேச்சு அடங்கியது. பாடற்குழுத் தலைவி மட்டும் இன்னும் அடங்கவில்லை. பழைய கீர்த்தனையில் இவர் திருட்டுத்தனமாக ஒரு சுரத்தைச் சொருகினால் போதும், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை வரும்.

சபையில் அவருக்கு மிகவும் பிடித்த வேலை பாட்டுக்கு வாசிப்பதல்ல, ஜெபத்துக்கு வாசிப்பது. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்ததும் இவரும் கண்ணை மூடிக்கொண்டு அடியில் மெல்ல வாசிப்பார். குரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கட்டை. குரல் ஏறினால் கையும் ஏறும், தழுதழுத்தால் கையும் தயங்கும். பாஸ்டர் மூச்சு வாங்கும் இடத்தில் இடது கை ஒரு படி இறங்கிக் காத்திருக்கும். "ஆமென்" வந்ததும் இரண்டே இரண்டு கார்டு, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து. முதல் கார்டு வாசற்படி என்றால், இரண்டாவது வீட்டுக்குள் வந்து உட்காருவது. ஜாஸில் பாதி வித்தை அடுத்தவர் என்ன சொல்ல வருகிறார் என்று காதைத் தீட்டிக் கேட்பதுதான். அந்த வித்தையை அவர் ஹோட்டலில் கற்றுச் சபையில் செலவழித்தார். இத்தனை வருடங்களில் அது அவர் புத்தியிலிருந்து இறங்கிக் கைக்குப் போய்விட்டது. பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

அந்த வருடம் போன் ரொம்பவே ஊமையாகிவிட்டது. புது ஹோட்டல்கள் சுவரில் ஸ்பீக்கர் பெட்டி மாட்டிப் பாட்டு விட ஆரம்பித்திருந்தன. பெட்டிக்குச் சாப்பாடு போட வேண்டாம், வண்டி அனுப்ப வேண்டாம். அவர் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். அவள் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரை அரித்தது. ஒருநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு அவரே அவளிடம் வாக்குக் கொடுத்தார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள நிலையா ஒரு இடம் அமையலைன்னா, நான் உங்கண்ணன் கடையிலயே உட்காந்துடறேன். அவரும் ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான்."

மச்சானுக்குத் தரை ஓடு விற்கிற டைல்ஸ் கடை. நல்ல மனுஷன், மாப்பிள்ளை மேல் உயிர். ஆனால் கடை காலையில் திறந்தால் இருட்டும்வரை மூடாது. ஞாயிற்றுக்கிழமைதான் வீடு கட்டுகிறவர்கள் குடும்பத்தோடு வந்து ஓடு பார்ப்பார்கள் என்பதால் அன்றைக்குத்தான் வியாபாரமே. அங்கே உட்கார்ந்தால் மதிய விருந்து போய்விடும், கச்சேரி போய்விடும், ஞாயிறும் போய்விடும். பியானோக்காரருக்கு இது நன்றாகவே தெரியும். "உமது சித்தம்" என்று ஜெபத்தில் சொன்னார். அந்த ஒரு ஜெபத்தில் மட்டும் ஸ்தோத்திரம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. திங்கட்கிழமை கடையில் உட்கார வேண்டும். அப்போதுதான் அந்தப் பெரிய ஹோட்டலிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரே ஒரு மதிய விருந்து, சோதனைக்கு. முதலாளியம்மாவே வந்து சாப்பிட்டுப் பார்ப்பார். பிடித்தால் வாரம் மூன்று நாள், வருடம் முழுக்க. பிடிக்காவிட்டால் பெட்டிகள். பெட்டிகளை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. கூடத்துக்குப் போகும் நடையில், பிரிக்காத அட்டைக்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றைத் தாண்டித்தான் பியானோவுக்குப் போக வேண்டும். "மாத்து மாப்பிள்ளைங்களை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்காங்க பாருங்க" என்றான் ஒட்டகம்.

கூடம் நிறைந்திருந்தது. வெள்ளை விரிப்பு, மடித்து நிறுத்திய கைத்துண்டு, மூலை மேசையில் தனியாக முதலாளியம்மா. ஒல்லியான உடம்பு, நரைத்த தலை, எதிரே தண்ணீர்க் கோப்பை மட்டும். மேனேஜர் மூச்சு முட்டும்படி கோட்டுப் போட்டுக்கொண்டு கூடத்தின் குறுக்கே போவதும் வருவதுமாக இருந்தார். இவரைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார். மெதுவாக வாசி என்று அர்த்தம். இவர் மெதுவாகத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். இன்னும் மெதுவாக வாசித்தார். மறுபடி உள்ளங்கை ஆடியது. "இதுக்கு மேல மெதுவான்னா வீட்டுக்குப் போய்த்தான் வாசிக்கணும்" என்று ஒட்டகம் உதடு அசையாமல் சொன்னான்.

ஆனாலும் அன்றைக்கு வாசிப்பு சுகமாக வந்தது. பியானோவில் ஒரு கட்டைகூடச் சாகவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆச்சரியம். இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ளுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார்.

சாப்பாடுதான் வரவில்லை. ரொட்டி வந்தது, ரொட்டி தீர்ந்தது. சூப் வரவில்லை. சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே சத்தம் கேட்டது. கேஸ் குழாயில் ஏதோ கோளாறாகி அத்தனை அடுப்பும் அணைந்துவிட்டது என்று பரிமாறுகிற பெண் ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போனாள். மேசைகளில் கடுகடுப்பு ஏறியது. ஒருவர் எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளியம்மா ஒன்றும் சொல்லாமல் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நேராகக் கூடத்தின் நடுவுக்கு வந்தார். பியானோவை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். இவர் நிறுத்தினார். மேனேஜர் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, தழுதழுத்த குரலில் ஆரம்பித்தார்.

"அன்பானவர்களே, உங்க எல்லாருக்கும் முன்னால தலை குனிஞ்சு நிக்கிறேன். எங்க குறைகளை நீங்க மன்னிக்கணும்..."

இந்தக் குரலை, இந்த வார்த்தைகளை, இந்த மூச்சு வாங்கலை ஞாயிறு தவறாமல் கேட்டு வளர்ந்த கை அது. பியானோக்காரர் தன்னையறியாமல் கண்ணை மூடினார். குரல் நின்ற இடத்தில் வலது கை ஒரு கட்டையைத் தொட்டது. இடது கை கீழே போய் விரித்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஒட்டகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே!" என்று கிசுகிசுத்தான். கேட்கவில்லை. காலால் அவர் நாற்காலியை ஓர் இடி இடித்தான். ஜெபத்தின்போது பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியை இடிப்பது சபையில் வழக்கம்தானே, அவர் அசையவில்லை. ஒட்டகம் இப்படி அப்படிப் பார்த்தான். பாதியில் நிறுத்தினால் இன்னும் அசிங்கம் என்று தோன்றியதோ என்னவோ, வில்லை எடுத்து அடிக்கம்பியில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தான். கடவுள் பக்கம் போக்குவரத்து இல்லாத ஒட்டகமும் ஜெபத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டான்.

மேனேஜர் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்தவர். ஆனால் அடியிலிருந்து அந்த இசை ஏந்திப் பிடித்ததும் அவரால் நிறுத்த முடியவில்லை. குரல் இறங்கியது. அவசரம் போய்விட்டது. "உள்ள எங்க ஆளுங்க விடியக்காலையிலேர்ந்து நிக்கிறாங்க. அடுப்பு அணைஞ்சது அவங்க தப்பில்லை" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சமையல்காரர்களைப் பெயர் சொல்லிச் சொல்லி நன்றி சொல்ல ஆரம்பித்தார். காய் நறுக்குகிறவர்களுக்குச் சொன்னார். பாத்திரம் கழுவுகிற இரண்டு பெண்களுக்குப் பெயர் சொல்லிச் சொன்னார். ஒருத்திக்குப் போன வாரம் கையில் வெந்நீர் கொட்டியும் லீவு எடுக்காமல் வந்ததைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அங்கே இசையும் நின்று, அவர் தேறுகிறவரை காத்திருந்தது. கூடத்தில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. கடிகாரம் பார்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மேசையில் குடும்பத்தோடு கண்ணையே மூடிவிட்டார்கள்.

"எல்லாத்தையும் பொறுத்துக்கிட்ட உங்களுக்கு நன்றி" என்று முடித்தார் மேனேஜர்.

வாசற்படி, வீடு. இரண்டு கார்டு.

"ஆமென்" என்றார் கடிகாரக்காரர், சத்தமாக. நாலைந்து மேசைகள் அவரைத் தொடர்ந்தன.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் கதவு திறந்து சூப் வந்தது. பியானோக்காரர் கண்ணைத் திறந்தார். பாஸ்டர் இல்லை, பீடம் இல்லை, பாடற்குழுத் தலைவி இல்லை. வெள்ளை விரிப்பும் சூப்பும் இருந்தன. என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று புரிந்ததும் காது மடல்வரை சுட்டது.

"போச்சு" என்றார்.

"நானும் மாட்டிக்கிட்டேன்ணே" என்றான் ஒட்டகம், வில்லை இன்னும் கையில் பிடித்தபடி.

மிச்சப் பாட்டுகளை எப்படி வாசித்தார் என்று அவருக்கே நினைவில்லை. நடையில் நின்ற அட்டைப் பெட்டிகள் மட்டும் கண்ணுக்குள் நின்றன. விருந்து முடிந்து ஆட்கள் கலைந்ததும் முதலாளியம்மா அவரை மூலை மேசைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சர்ச்ல வாசிக்கிறவரா?"

"ஆமாம்மா. தப்பு நடந்துபோச்சு. வேணும்னு செய்யலை, கை தானா போயிடுச்சு. மன்னிச்சுக்கணும்."

"இவரும் மன்னிப்பு, நீங்களும் மன்னிப்பு. இன்னைக்கு இங்க எல்லாருக்கும் மன்னிப்பு கேக்கறதுதான் வேலையா?" என்றார் அவர். பிறகு மேனேஜர் பக்கம் தலையைச் சாய்த்தார். "இத்தனை வருஷமா இந்த மனுஷன் எங்கிட்ட வேலை பாக்கறார். பாத்திரம் கழுவறவங்க பேரெல்லாம் இவருக்குத் தெரியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எனக்கு ஒரு பேரும் தெரியாது."

மேனேஜர் தரையைப் பார்த்தார். முதலாளியம்மா கோப்பையை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

"அந்தப் பெட்டிங்களைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றார் மேனேஜரிடம். "தம்பி, வியாழன், வெள்ளி, சனி வந்துடுங்க. இந்த உயரமானவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை கேக்கலை, கேட்டா வரமாட்டீங்கன்னு தெரியுது. ஒண்ணே ஒண்ணு, பில் குடுக்கற நேரத்துல மட்டும் இப்படி வாசிச்சுடாதீங்க. இவர் எல்லார் பில்லையும் மன்னிச்சு விட்டுடுவார்."

வெளியே வந்ததும் ஒட்டகம் பாஸைச் சுவரில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்து, "அண்ணே, நீங்க சொல்வீங்கள்ல, அந்த ஸ்தோத்திரம், எனக்கும் சேர்த்து ஒண்ணு சொல்லிடுங்க" என்றான். பியானோக்காரர் நடைபாதையிலேயே நின்று சொன்னார். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டுக்குப் பறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மனைவிக்குப் பாதி நாள் வேலை. அப்போதுதான் வந்து, கையில் கிராம்புத் தைல வாசனையோடு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கொட்டினார். ஒட்டகம் வில்லை எடுத்த இடத்தில் அவள் துணியைக் கீழே போட்டுவிட்டாள். கடிகாரக்காரரின் ஆமெனுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வாரம் மூன்று நாள் என்றதும் சிரிப்பு நின்று, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உங்கண்ணனுக்கு இப்பவே போன் போட்டுடு" என்றார் அவர். "திங்கக்கிழமை நான் வரலைன்னு பக்குவமா சொல்லு. எனக்குன்னு நாற்காலி எல்லாம் வாங்கிப் போட்டிருக்கார். மனசு நோகக் கூடாது."

"அதெல்லாம் சொல்லியாச்சு."

"எப்ப சொன்னே? நான் இப்பத்தானே வர்றேன்."

"காலையில. நீங்க குளிச்சுக்கிட்டிருந்தப்ப."

அவருக்குப் புரியவில்லை. "காலையில எனக்கே தெரியாதே, கிடைக்கும்னு."

"எனக்கும்தான் தெரியாது." அவள் மறுபடி துணியை எடுத்து மடித்தாள். "அவருக்கு வேலை இருக்குண்ணா, வரமாட்டார்னு சொன்னேன்."

"இது கிடைக்காம போயிருந்தா?"

"போயிருந்தாலும் உங்களுக்கு வேலை இருக்குதானே? குளிக்கிறப்பகூட ரெண்டு கையாலயும் சுவத்து டைல்ஸ்ல தாளம் போட்டு வாசிச்சுக்கிட்டிருந்தீங்க. வெளியில வரைக்கும் கேட்டுது. டைல்ஸை அந்தத் தட்டுத் தட்டற மனுஷனை, விக்க உட்கார வைக்க முடியுமா? அண்ணன் கடைக்குத்தான் நஷ்டம்."

பியானோக்காரர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். இத்தனை நாளாக ஆண்டவரிடம் முட்டி தேய அவர் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில், அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த அறையிலேயே போனில் சொல்லப்பட்டிருக்கிறது. ஹோட்டலும் முதலாளியம்மாவும் எல்லாம் அதற்குப் பிறகுதான். சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள் பெயரை இத்தனை வருடம் தெரிந்துகொள்ளாத முதலாளியம்மாவுக்கும் தனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. செத்த கட்டைக்குக்கூட ஸ்தோத்திரம் சொன்னவர், இவளுக்கு வாய்விட்டு எப்போது சொன்னார்?

மடித்துக்கொண்டிருந்த அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்று சொல்லத்தான் நினைத்தார். அழுகைதான் வந்தது.

"விடுங்க, துணி கசங்குது" என்றாள் அவள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. "அந்த நாற்காலியை என்ன பண்றதுன்னு அண்ணன் கேட்டார். நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்து கீபோர்டு பக்கத்துல போடுங்க, அவர் வாசிக்கிறப்ப நான் உட்காந்து கேக்கணும்னு சொல்லிட்டேன்."